மொறுமொறுப்புக்கு நான் பொறுப்பு

நவம்பர் 3, திங்கள்

இன்று முதல் நாட்குறிப்பு எழுதுகிறேன். இந்த டைரி ஜனவரியில் உரக்கடைக்காரர் கொடுத்தது. ஊரிலேயே நாலு பேருக்குத்தான் கொடுத்தார். ஒன்று டாக்டருக்கு, ஒன்று தாசில்தாருக்கு, ஒன்று எனக்கு. நாலாவது யாருக்கு என்று கேட்டதற்கு அவர் சிரித்து மழுப்பிவிட்டார். பத்து மாதப் பக்கம் வீணாகப் போய்விட்டதே என்றாள் பாக்கியத்தாய். பெரிய மனிதர்கள் எல்லாரும் தாமதமாகத்தான் ஆரம்பிப்பார்கள் என்று விளக்கினேன். சட்டியில் எண்ணெய் சத்தம் அதிகமாக இருந்ததால் அவள் காதில் விழவில்லை.

பாக்கியத்தாய் என் தங்கை. மாப்பிள்ளை காலமான பிறகு வீட்டின் பின்கட்டில் தட்டை போட்டு விற்க ஆரம்பித்தாள். கை அவளுடையது, மூளை என்னுடையது. அப்போது நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியை ஏறக்குறைய நானே நடத்திக்கொண்டிருந்தேன். தங்கைக்காக அதை விட்டுவிட்டு வந்தேன். அதே வாரம் கம்பெனியும் என்னை விட்டுவிட்டது என்பது தற்செயல்.

இந்த வீட்டில் எனக்கு ஒரு உத்தியோகம் உண்டு. கடித்துப் பார்ப்பது. சட்டி முன்னால் நிற்கிறவள் வாயில் போடக் கூடாது என்பது பாக்கியத்தாயின் சட்டம். எண்ணெய்ப் புகை குடித்த நாக்குக்கு எல்லாம் ஒரே ருசிதான், அதை நம்பி ஊருக்கு அனுப்ப முடியாது என்பாள். அதனால் ஒவ்வொரு ஈடு இறங்கியதும் ஒரு தட்டை எனக்கு வரும். நான் கடித்து, 'போகலாம்' என்றால் பாக்கெட்டுக்குப் போகும். 'வேண்டாம்' என்றால் மாட்டுத் தொட்டிக்குப் போகும். அடுத்த தெருப் பசுமாடு என்னைக் கண்டால் வாலை ஆட்டும்.

டைரி எழுதக் காரணம் அனுசுயா. பாக்கியத்தாயின் மகள், பி.காம். மதுரையில் பூங்காவனம் ஸ்டோர்ஸ் என்று பெரிய கடை, ஊர் ஊருக்குக் கிளை. எங்கள் தட்டையை அங்கே வைக்க ஒரு வருஷமாக நடையாய் நடந்தாள். வந்த பேங்க் வேலையைக்கூட இதற்காக வேண்டாம் என்றுவிட்டாள். இப்போது பலித்திருக்கிறது. மூன்று லாட் அனுப்ப வேண்டும். மூன்றும் தேறினால் நிரந்தர இடம். தேறாவிட்டால் கதவு மூடியது மூடியதுதான்.

பாக்கெட்டின் முகப்பில் கிரிஸ்பி என்று இங்கிலீஷில் பெரிதாக வருகிறது. அதன் கீழே தமிழ்ச் சொல் வேண்டுமாம்.

"மொறுமொறுன்னு எல்லாப் பாக்கெட்லயும் போட்டிருக்காக மாமா. நமக்குன்னு தனியா ஒண்ணு வேணும். ஒங்களுக்குத்தான் நெறையத் தெரியுமே. தோணுறதை எல்லாம் எழுதி வைங்க."

நிறையத் தெரியுமே என்றாள். அதையும் குறித்து வைக்கிறேன்.

நவம்பர் 4, செவ்வாய்

இங்கிலீஷ் எனக்குப் புதிதல்ல. ஒன்பதாம் வகுப்பில் நான் எழுதிய இங்கிலீஷ் விடைத்தாளை வாத்தியார் ஹெட்மாஸ்டரிடமே கொண்டுபோய்க் காட்டினார். ஹெட்மாஸ்டர் படித்துவிட்டு என் தகப்பனாரை வரச் சொல்லி ஆளனுப்பினார். அதற்குப் பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. எனக்குச் சொல்லிக்கொடுக்க அவர்களிடம் எதுவும் பாக்கி இல்லை போலிருக்கிறது.

சாயங்காலம் அனுசுயா போனில் அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் நாற்காலியில். பாக்கியத்தாய் உள்ளே மாவு சலித்துக்கொண்டிருந்தாள்.

"கிரிஸ்ப்னு ஆப்பிளுக்கும் சொல்வாகளாம் மாமா."

"ஆப்பிளுக்கா? அது நறுக். வெள்ளரிப் பிஞ்சு, கொய்யாக்காய் எல்லாம் நறுக்குல சேரும். உள்ள தண்ணி இருக்குல்ல."

"புதுச் சட்டைக்கும் சொல்வாகளாம்."

"கஞ்சி போட்டுத் தேச்சதா? அது மொடமொட."

"புது ரூவா நோட்டுக்கு?"

"சலவை நோட்டு. இதெல்லாம் ஒரு கேள்வியா?"

"காலையில வெளிய வந்தா காத்து குளுகுளுன்னு, வானம் தெளிவா இருக்குமே, அதுக்கும் இதே வார்த்தைதானாம்."

நான் கொஞ்சம் யோசித்தேன். "நம்ம ஜில்லாவுல அப்பிடி ஒரு காலை கெடையாது தாயி. அதை விட்டுரு."

"சுருக்கமா, வளவளன்னு இல்லாமப் பேசுறதுக்கும் சொல்றாக."

உள்ளேயிருந்து பாக்கியத்தாய் குரல் கொடுத்தாள். "அதை ஒங்க மாமாகிட்டக் கேக்காத. அவுகளுக்கு அது தெரியாது."

இங்கிலீஷ்காரன் பாவம். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு சட்டைக்கும் பழத்துக்கும் காற்றுக்கும் ஓட்டுகிறான். நம்மிடம் ஆளுக்கொரு சொல் இருக்கிறது.

நவம்பர் 6, வியாழன்

இன்று உட்கார்ந்து வகை பிரித்தேன். மொறுமொறு என்பது மெல்லிசானதற்கு. அப்பளம், தோசையின் ஓரம். முறுகல் என்பது தீயின் கணக்கு, சிவந்து வந்தால் முறுகல். கரகர என்றால் கொஞ்சம் முரடு. காராச்சேவு, வெங்காயப் பக்கோடா இந்தக் கட்சி. நொறுநொறு என்றால் கடித்ததும் சிதறி வேட்டியில் விழுவது. பொறுபொறு என்றால் கடிக்கும்போது உடையும், உடைந்த உடனே நாக்கில் கரையும். அது ஒரு ராஜ வகை. வெண்ணெய் சரியாகச் சேர்ந்தால்தான் அது வரும்.

இவ்வளவையும் அனுசுயாவிடம் சொன்னேன். வாயைப் பிளந்தாள். கொட்டாவி விட்டதாகப் பின்னால் சொன்னாள். அப்படியே இருக்கட்டும்.

கடித்துப் பார்ப்பதில் ஒரு புது முறை கண்டுபிடித்திருக்கிறேன். தட்டையைக் காதுப் பக்கம் கொண்டுபோய் ஒடிப்பது. சத்தம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். ஜெர்மனியில் பிஸ்கட் கம்பெனிகளில் இப்படித்தான் செய்கிறார்கள் என்று ஒருவர் ரயிலில் சொன்னார். அல்லது நான் அவரிடம் சொன்னேன். இடது கடைவாய் இரண்டு நாளாக லேசாக முனகுவதற்கும் இந்தக் கண்டுபிடிப்புக்கும் சம்பந்தம் இல்லை.

நவம்பர் 8, சனி

மதுரை போய்வந்தேன். வீட்டில் பழைய நண்பர் ஒருவரைப் பார்க்கப் போவதாகச் சொன்னேன். பல் டாக்டர் அறையில் அரை மணி உட்கார்ந்ததில் அவரும் நானும் நண்பர்கள் ஆகிவிட்டோம். ஆகவே அது பொய்யாகாது.

என் வாயைப் பார்த்து அசந்துபோனார். "இந்தப் பல்லை வச்சுக்கிட்டு இவ்வளவு நாள் எப்படி ஓட்டுனீங்க?" என்றார். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். கடைவாயில் இரண்டு பக்கமும் பிடுங்க வேண்டியவற்றைப் பிடுங்கினார். ஒன்று வேர் பிடித்துக்கொண்டு வர மறுத்தது. எங்கள் குடும்பத்துப் பிடிவாதம்.

முன்பற்கள் இருக்கின்றன, சிரித்தால் ஒரு குறையும் தெரியாது. ஆனால் அவையும் ஆட்டம் கண்டிருப்பதால் கெட்டியானது எதையும் கடிக்கக் கூடாதாம். ஈறு ஆறியதும் கழற்றி மாட்டுகிற செட் போடலாமாம்.

வீட்டில் சொல்லவில்லை. பாக்கியத்தாய் ரத்தக்கொதிப்புக்காரி, வீணாகக் கவலைப்படுவாள். அனுசுயாவுக்கு ஆர்டர் நேரம். அதுவும் தவிர, கடிக்க முடியாதவனுக்கு இந்த வீட்டில் என்ன வேலை என்று யாராவது

பேனாவில் மை தீர்ந்துவிட்டது.

நவம்பர் 11, செவ்வாய்

முதல் லாட் தேறியது. பூங்காவனம் ஸ்டோர்ஸில் சரக்கு வாங்குகிற அதிகாரி ரெஜினால்டு என்பவர் அனுசுயாவுக்குப் போன் செய்தார். வெரி கிரிஸ்பி என்றாராம். அனுசுயா என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். முழுக்க முழுக்கக் காதால் பார்த்து அனுப்பிய சரக்கு. இனி உலகமே இந்த முறைக்கு மாறிவிடும் என்று நினைக்கிறேன்.

ஒவ்வொரு ஈட்டிலும் ஒடித்த தட்டையை வேட்டி மடிப்பில் போட்டுக்கொண்டு பசுமாட்டுக்குக் கொடுத்துவிடுகிறேன். 'போகலாம்' சரக்கே அதற்கும் கிடைப்பதால் மாடு முன்னைவிட மரியாதையாக இருக்கிறது.

நவம்பர் 14, வெள்ளி

மழை. பாக்கியத்தாய் சோற்றைக் குழையக் குழைய வடிக்கிறாள். கேட்டால் அரிசி மாறிவிட்டது என்கிறாள். ரசம், பருப்பு, பூசணிக்காய் என்றே போகிறது சமையல். எனக்கு எதுவும் குறையில்லை.

நவம்பர் 17, திங்கள்

மழை நிற்கவில்லை. இரண்டாவது லாட் இன்று. மாவு காய வெயில் இல்லை. ஈர மாவு எண்ணெய் குடித்துவிடும் என்று பாக்கியத்தாய் இருப்புச் சட்டியில் போட்டு வறுத்தெடுத்தாள். மாவு தட்டித் தருகிற முத்துப்பேச்சி, "தட்டுறதுக்கே கை நோகுதே மதினி" என்றாள். மாவுக்குக்கூட ரோஷம் வரும் என்று நான் சொன்னேன். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

முதல் ஈடு இறங்கியது. பாக்கியத்தாய் சல்லடைக் கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள்.

"எப்பிடிண்ணே இருக்கு? மாவு ஒரு மாதிரியா இருந்துச்சு. நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

காதருகே வைத்து ஒடித்தேன். டக் என்று ஒரு சத்தம். ஆகா, இப்படி ஒரு எடுப்பான சத்தத்தை இந்த வருஷம் கேட்கவில்லை. அடுத்த வீட்டு ரேடியோவையே அமுக்கிவிட்டது.

வாயில் போடுகிற மாதிரிக் காட்டி வேட்டி மடிப்பில் போட்டுக்கொண்டு, "போகலாம்," என்றேன். "இதுவரைக்கும் போட்டதுல இதான் முதல் தரம்."

அவள் முகத்தில் பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. எல்லா ஈட்டுக்கும் அதே சத்தம். எல்லாவற்றையும் போகலாம் என்றேன்.

நவம்பர் 21, வெள்ளி

ரெஜினால்டு சாரே நேரில் வந்துவிட்டார். ஒல்லியான மனிதர், நல்ல பழக்கம், நனைந்த குடையை வாசலிலேயே வைத்துவிட்டு வந்தார். பையிலிருந்து எங்கள் பாக்கெட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒரு தட்டையை எடுத்து மேசை விளிம்பில் தட்டினார். மேசைதான் சத்தம் போட்டது.

"ஐயா, நீங்கதான் ருசி பாக்குறதுன்னு அனுசுயா சொன்னாங்க."

"ருசி, பதம், மணம், மூணும் நாந்தான்."

"இது கிரிஸ்பி இல்லைங்கய்யா. ஹார்டு. எங்க மேனேஜர் அம்மா ஒண்ணு கடிச்சுட்டு, கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டே மீட்டிங்கை முடிச்சுட்டாங்க."

"சத்தம் கேட்டீங்களா? எடுப்பா இல்ல?"

"சத்தம் நல்லாத்தான் இருக்கு. கல்லை ஒடைச்சாலும் சத்தம் வருமே."

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஹார்டு என்பது நல்ல சொல்தான், திடம் என்று அர்த்தம், திடமான தட்டை பயணத்தில் நொறுங்காது, அமெரிக்கா வரைக்கும் அப்படியே போகும் என்று சொல்லிக்கொண்டே போனேன். ரெஜினால்டு சார் பொறுமையாகக் கேட்டார். அனுசுயா என்னைப் பார்க்கவில்லை. மேசைமேல் கிடந்த தட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒங்க சரக்குமேல நம்பிக்கை இருக்கும்மா," என்று அவளிடம் சொன்னார். "அதனாலதான் போன்ல சொல்லாம நேர்ல வந்தேன். டிசம்பர் நாலாந் தேதி மூணாவது லாட். அதுவும் இப்பிடி இருந்துச்சுன்னா ஒங்களுக்காகப் பேச எனக்கு வாய் இருக்காது."

அவர் போனதும் அனுசுயா கேட்டாள். "மாமா, கடிச்சுத்தானே பாத்தீக?"

"பின்ன?" என்றேன்.

பின்ன என்பது பொய் அல்ல. அது ஒரு கேள்வி.

நவம்பர் 22, சனி

பாக்கியத்தாய் இன்று சட்டி ஏற்றவில்லை. பூங்காவனத்திலிருந்து திரும்பி வந்த பாக்கெட்டுகளைத் திண்டு மாதிரி அடுக்கி, அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். திட்டினாலாவது பதில் சொல்ல ஏதுவாக இருக்கும்.

கடக்கு என்று ஒரு சொல்லை விட்டுவிட்டேன். உடைய மாட்டேன் என்று பல்லோடு மல்லுக்கட்டுவது. இதையும் பட்டியலில் சேர்க்கிறேன். இதுவும் மொறுமொறுவும் காதுக்கு ஏறக்குறைய அண்ணன் தம்பி. வாய்க்கு மட்டுந்தான் வித்தியாசம் தெரியும்.

நவம்பர் 24, திங்கள்

இனிமேல் கூட இரண்டு பேர் கடித்துப் பார்க்கட்டும் என்று ஒரு யோசனை சொன்னேன். பெருந்தன்மையாகத்தான் சொன்னேன். உடனே அனுசுயா திரும்பி வந்த தட்டையில் ஒன்றை எடுத்துக் கடித்தாள். கடகடவென்று தின்றுவிட்டு இன்னொன்றை எடுத்தாள்.

"எப்பிடி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு மாமா."

"அதான் கல்லுன்னு சொல்லிட்டுப் போனாரே."

"எனக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கும். பல்லு முளைச்ச நாள்ல இருந்து இதைத்தானே தின்னுறேன். நமுத்தாலும் தின்பேன், கருகினாலும் தின்பேன். என்னையக் கேட்டுச் சரக்கு அனுப்பினா கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான்."

முத்துப்பேச்சிக்கு நாள் முழுக்க வெற்றிலை போட்ட வாய். பாக்கியத்தாய் சட்டி முன்னால் நிற்கிறவள். ஆக, மறுபடி நான்தான். என்னைவிட்டால் ஆள் இல்லை என்பது எனக்கு எப்போதும் பெருமையாகத்தான் இருந்திருக்கிறது. இன்று அவ்வளவு இல்லை.

நவம்பர் 28, வெள்ளி

நண்பரைப் பார்க்க மறுபடி மதுரை. செட் தயார். ஈறு இன்னும் முழுதாக ஆறவில்லை, கொஞ்ச நாள் கஞ்சியோடு பழகுங்கள், பிறகு மற்றது என்றார். நான் வேகமாகப் பழகுகிற ஆள் என்று அவருக்குத் தெரியாது.

பஸ் ஸ்டாண்டிலேயே ஒரு கடையில் தட்டை வாங்கிக் கடித்தேன். தலைக்குள் யாரோ செருப்புப் போட்டுக்கொண்டு நடக்கிற மாதிரி ஒரு சத்தம். மேலண்ணத்தைப் பிளாஸ்டிக் மூடியிருப்பதால் ருசி கதவுக்கு வெளியே நிற்கிறது. இன்னொரு கடையில் முறுக்கு வாங்கினேன். அதே நடை, அதே செருப்பு. கடைசியில் ஒரு வறட்டு ரொட்டி. அதுவும் அப்படியே.

பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர், "என்னங்கய்யா, ஒவ்வொண்ணா வாங்கிக் கடிச்சுக் கடிச்சு வைக்கிறீங்க?" என்றார். உணவுத்துறையில் பரிசோதனை அதிகாரி என்று சொன்னேன். ஊர் வருகிறவரை மரியாதையாக வந்தார். அவருடைய அதிரசத்தைப் பற்றியும் ஒரு அபிப்பிராயம் கேட்டார். நல்லவேளை, அதிரசம் மெதுவானது.

நவம்பர் 30, ஞாயிறு

வெயில் வந்துவிட்டது. மாவு காய்கிறது. பாக்கியத்தாய் புது வெண்ணெய் வாங்கி வைத்திருக்கிறாள். அனுசுயா பாக்கெட்டுகளைத் துடைத்து அடுக்குகிறாள். வீட்டில் எல்லாரும் என்னிடம் ரொம்ப மெதுவாகப் பேசுகிறார்கள்.

டிசம்பர் 2, செவ்வாய்

இன்று நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன். இதில் அலங்காரம் குறைவாக இருந்தால் அது என் குற்றம் அல்ல.

மூன்றாவது லாட்டின் முதல் ஈடு. காலையிலேயே செட்டை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பாக்கியத்தாய் கொண்டுவந்து நீட்டினாள். அனுசுயாவும் வந்து நின்றாள். முத்துப்பேச்சியும் மாவுக் கையோடு எட்டிப் பார்த்தாள். இத்தனை பேர் பார்க்க நான் கடித்ததே இல்லை.

காதருகே கொண்டுபோனேன்.

"ஒடிக்காதீக மாமா," என்றாள் அனுசுயா. "கடிங்க."

கடித்தேன். செருப்புச் சத்தம் தலைக்குள் நடந்தது. ஈறில் சுரீர் என்றது. கண்ணில் தண்ணீர் வந்தது, மிளகாய் காரம் என்று கையைக் காட்டினேன். மென்றேன். மெல்ல மெல்ல எல்லாம் ஒன்றாகத்தான் இருந்தது. மொறுமொறுவா, கடக்கா, நொறுநொறுவா, ஒன்றும் பிடிபடவில்லை. பட்டியலில் இருக்கிற அத்தனை சொல்லையும் வரிசையாக நினைத்துப் பார்த்தேன். ஒன்றுகூட வாய்க்குள் வந்து, நான்தான் என்று சொல்லவில்லை.

"போகலாமாண்ணே?" என்றாள் பாக்கியத்தாய்.

போகலாம் என்பது எனக்குப் பழகிய சொல். தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அனுசுயா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். துடைத்து அடுக்கிய பாக்கெட்டுகள் அவள் பின்னால் தெரிந்தன.

"தெரியல பாக்கியம்," என்றேன்.

இந்த வீட்டில் என் வாயிலிருந்து அந்தச் சொல்லை ஒருவரும் கேட்டதில்லை. திருப்பூரிலும் கேட்டதில்லை.

"தெரியலன்னா?"

"இது நல்லதா, கல்லான்னு எனக்குத் தெரியல. போன தடவையும் தெரியல. அதுக்கு முந்துன தடவை தற்செயலா நல்லா வந்துருச்சு."

செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் வைத்தேன். முத்துப்பேச்சி, "ஆத்தாடி," என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அனுசுயா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கடைசிவரை சொல்ல முடியவில்லை.

"ஏன் மாமா சொல்லல?" என்றாள்.

"சொன்னா இங்க எனக்கு என்ன வேலை தாயி?"

பாக்கியத்தாய் சல்லடைக் கரண்டியைக் கீழே வைத்தாள். "பல்லு போனது எனக்குத் தெரியும்ணே. கடிக்கிறதை விட்டதுதான் தெரியாது."

"எப்பிடித் தெரியும்?"

"மதுரை போயிட்டுக் கன்னம் வீங்கித்தானே வந்தீக. இத்தனை நாளா சோத்தைக் கூழா வடிக்கிறேனே, நான் என்ன சமைக்க மறந்துபோனவளா?" என்றாள். "பல்லு இல்லைன்னா என்ன, வெளியவா தள்ளிருவேன்? கல்லை நல்லதுன்னு சொல்லி எம்பிள்ளை மானத்தை வாங்கினீகளே, அதுக்குத்தான் தள்ளணும்."

சொல்லிவிட்டு அடுப்பை அணைத்தாள். கை கால் முகம் கழுவினாள். சேலையை மாற்றிக்கொண்டு முன்வாசலில் போய்க் காற்றாட உட்கார்ந்தாள். இன்றைக்குப் புகைப் பக்கம் வரமாட்டேன், நாளைக் காலையில் நாக்கு தெளிந்துவிடும், நானே கடிக்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

"அப்ப சட்டி முன்னால யாரும்மா நிக்கிறது?" என்று கேட்டாள் அனுசுயா.

பாக்கியத்தாய் என்னைப் பார்த்தாள்.

டிசம்பர் 3, புதன்

சட்டியில் நான்.

முதல் ஈடு அவசரப்பட்டு எடுத்துவிட்டேன். முன்வாசலிலிருந்து ஒரே சொல்தான் வந்தது. "நமுப்பு." மாட்டுக்குப் போனது. இரண்டாவது ஈட்டில் தீயைக் கூட்டினேன். "கருகல்." மாடு அதையும் வாங்கிக்கொண்டது. மூன்றாவதை நானே தட்டினேன், என் கை பெரியது என்பதால் தட்டையும் பெரிதாக வந்தது. "இது தட்டையா, அடையா?" என்று ஆள் அனுப்பிக் கேட்டாள்.

நான் இத்தனை வருஷம் உட்கார்ந்தபடி 'வேண்டாம், வேண்டாம்' என்று சொன்னதெல்லாம் எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்க நேரம் இல்லை. எண்ணெய் தெறித்தது. முத்துப்பேச்சி, "சலசலப்பு அடங்குற வரைக்கும் கையை வைக்காதீக அண்ணாச்சி, அடங்குன பெறகு காத்திருக்காதீக," என்றாள். அது எனக்கு ஏற்கெனவே தெரியும். இன்றுதான் செய்து பார்த்தேன்.

அடுத்த ஈடு. அனுசுயா தட்டோடு ஓடினாள். நானும் சட்டியை விட்டுப் பின்னாலேயே போய்க் கதவருகே நின்றேன்.

பாக்கியத்தாய் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். கடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். தான் பிசைந்த மாவைத் தானே தின்று எத்தனை வருஷம் ஆயிற்றோ. அவசரப்படாமல் மென்றாள். முழுசும் முடித்துவிட்டு விரலில் ஒட்டியிருந்த துணுக்கையும் எடுத்து வாயில் போட்டாள். அனுசுயா பேனாவும் கையுமாக நின்றாள்.

"எப்பிடிம்மா இருக்கு? பாக்கெட்ல போடுறதுக்கு ஒரு வார்த்தை சொல்லேன்."

"இதுக்கெல்லாம் என்னத்தச் சொல்ல," என்று இன்னொன்றை எடுத்தாள் பாக்கியத்தாய். "போகலாம்."

பொழுது சாய்கிறவரை சுட்டேன். பாதியை மாடு தின்றது, பாதி பாக்கெட்டுக்குப் போனது. கையில் கொப்புளம். போர்க்களத்தில் பட்டது என்று யாரிடமாவது சொல்லலாம்.

டிசம்பர் 9, செவ்வாய்

மூன்றாவது லாட் தேறியது. பொங்கலுக்கு எல்லாக் கிளைக்கும் சரக்கு வேண்டும் என்று ரெஜினால்டு சார் சொன்னாராம். அனுசுயா போனை வைத்துவிட்டு முற்றத்தில் ஒரு சுற்றுச் சுற்றினாள். மாட்டுக்கே நேரில் போய்ச் செய்தி சொன்னாள்.

பாக்கெட்டின் தமிழ்ச் சொல் மட்டும் அவள் நினைத்த மாதிரி அமையவில்லை. என் பட்டியல் முழுக்க அனுப்பியிருந்தாள். பொறுபொறு என்றால் சென்னைக் கிளையில் புரியாது, கரகர என்றால் தொண்டை ஞாபகம் வரும், நொறுநொறு என்றால் உடைந்த சரக்கு என்று நினைப்பார்கள் என்று கம்பெனியில் எல்லாவற்றையும் தள்ளிவிட்டார்கள். அச்சாகி வந்திருப்பது மொறுமொறு.

"போகட்டும் மாமா, வருத்தப்படாதீக," என்றாள்.

வருத்தமா? நவம்பர் ஆறாம் தேதிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். வகை பிரித்ததில் முதல் சொல்லே மொறுமொறுதான். ஆக, கடைசியில் என் சிபாரிசைத்தான் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

டிசம்பர் 12, வெள்ளி

சட்டி இனி என் பொறுப்பு. பிசைவதும் கடிப்பதும் பாக்கியத்தாய். உத்தியோகத்தில் இது உயர்வா தாழ்வா என்று முத்துப்பேச்சி கேட்டாள். உயர்வுதான். தீயை ஆள்கிறவன் என்று அவளுக்கு விளக்கினேன்.

பாக்கியத்தாய் கடித்துப் பார்ப்பதில் என்னைவிடக் கொடுமைக்காரி. நான் வேண்டாம் என்றால் காரணமாவது சொல்வேன், நாலு உதாரணம் சொல்வேன். அவள் தட்டைத் திருப்பித் தள்ளிவிடுகிறாள், அவ்வளவுதான். போகலாம் என்பதைக்கூட இப்போது தலையசைப்பாகக் குறைத்துவிட்டாள்.

இன்று நாலாவது ஈட்டை நானே எடுத்துக்கொண்டு போனேன். பொன் நிறம், ஓரமெல்லாம் ஒரே சீர். எதிரில் நின்றேன். ஒன்றைக் கடித்தாள், மென்றாள், மறு பாதியையும் போட்டுக்கொண்டாள். என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"தேவலண்ணே," என்றாள்.

உள்ளே வந்து, இங்கிலீஷில் இதற்கு என்ன என்று அனுசுயாவைக் கேட்டேன். போனைப் பார்க்காமலே, "நாட் பேட், மாமா," என்றாள்.

பி.காம். படித்து என்ன செய்ய? அவளுக்கு இங்கிலீஷ் தெரிகிறது, என் தங்கையைத் தெரியவில்லை. தேவல என்றால் எக்ஸலண்ட்.